பறவை பார்க்கப் போய்ச் சம்பந்தம் பேசியது

1

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதி அனுப்புங்கள் என்று தலைமையாசிரியர் ஃபோன் செய்தார். 'வெளிநாட்டில் வென்றது எப்படி' என்று தலைப்பையும் அவரே கொடுத்தார். அதை எழுதினால் மலர் முழுக்க நான்தான் இருப்பேன். பிள்ளைகளின் விடுகதைக்கும் கோலத்துக்கும் இடம் கிடைக்காது. அதனால் அந்தக் கதையைச் சுருக்கமாகவே முடித்துவிடுகிறேன்.

அந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பத்தொன்பது வயதில் கப்பலேறி மலேசியா வந்து, ஈப்போவில் புந்தோங் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இலை எடுத்தேன். இன்றைக்கு ஈப்போவில் எனக்கு இரண்டு கடைகள். ஒன்று புந்தோங்கில், ஒன்று டவுனில். செட்டிநாட்டுக் காடை வறுவல் என்றால் பேராக் மாநிலத்தில் யாரையும் நிறுத்திக் கேளுங்கள், என் கடையைத்தான் கை காட்டுவார்கள். சீனர்கள் கோலாலம்பூரிலிருந்து கார் போட்டு வருகிறார்கள். உங்கள் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறிகள்கூட நான் வாங்கிக் கொடுத்தவைதான். இறக்கையில் என் பெயர் எழுதியிருக்கிறது. சுற்றும்போது தெரியாது; நிறுத்திவிட்டுப் பார்க்கவும்.

வென்ற கதை அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது வேறு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பறவை பார்க்கப் போனேன். சிரிக்காதீர்கள். இங்கே படித்தவர்கள் அதை ஒரு வேலையாகவே செய்கிறார்கள். விடியுமுன் எழுந்து, பூட்ஸ் மாட்டி, கழுத்தில் பைனாகுலர் தொங்க, சேற்றில் நின்று கொக்கைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். வெறும் கொக்கு! நம் கண்மாயில் இதற்குக் காசு வாங்கியிருந்தால் நாம் எல்லோரும் பணக்காரர்கள் ஆகியிருப்போம்.

நான் போனது கொக்குக்காக இல்லை. என் மகள் கல்யாணத்துக்காக.

2

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் மெல்பர்னில் இருக்கிறான். வாரம் ஒரு முறை ஃபோனில் வந்து அங்கே மழையா வெயிலா என்று சொல்வான், இங்கே மழையா வெயிலா என்று கேட்பான், வைத்துவிடுவான். இளையவள் மீனா தைப்பிங்கில் மருந்தாளராக வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை ஆனால் ஈப்போ வீட்டுக்கு வந்துவிடுவாள். இந்த வருஷம் சனிக்கிழமைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன. நான் கவனிக்கவில்லை, கடையில் எப்போதும் கூட்டம். அலமேலு கவனித்திருக்கிறாள்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மீனா சொன்னாள்.

"அப்பா, ஒரு ஆள் இருக்காரு."

"எங்க இருக்காரு?"

"கமுந்திங்ல. ஃபேக்டரில இன்ஜினியர். பேரு சுகுமாறன்."

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன். அலமேலு நிறுத்தவில்லை. அதிலிருந்தே அவளுக்கு முன்பே தெரியும் என்று புரிந்தது.

சுகுமாறனை வரவழைத்துப் பார்த்தேன். நல்ல பையன். இரண்டு காடை சாப்பிட்டான், எலும்பைச் சுத்தமாக வைத்தான். ஆனால் அவன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டான். "மாமா, எங்கம்மா சரின்னாத்தான். அப்பா போனப்புறம் தனியாளா என்னை வளத்தாங்க. அவங்களுக்குப் பிடிக்கலன்னா நான் செய்ய மாட்டேன். மீனாகிட்டயும் சொல்லியிருக்கேன்." மீனா தலையை ஆட்டினாள், கண் மட்டும் என் மேல் இருந்தது.

அந்த அம்மா பெயர் சரோஜா. ஆயர் தாவாரில் வீடு. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, படித்து, ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். முறைப்படி டவுன் கடையின் மாடி ஹாலுக்கு அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, மேளத்தோடு வரவேற்பு, இலையில் பதினெட்டு வகை என்று சொல்லி அனுப்பினேன். பதில் மீனா வழியாக வந்தது.

"ஞாயித்துக்கிழமை அவங்க பறவை பார்க்கப் போயிருவாங்களாம். யாருக்காகவும் விட மாட்டாங்களாம். உங்களுக்குப் பேசணும்னா குவாலா குலாவுக்கு வரச் சொன்னாங்க."

குவாலா குலா என்பது கடலோரத்துச் சதுப்பு நிலம். அலையாத்திக் காடும் சேறுமாக, பறவைகளுக்கென்றே விட்டுவைத்த இடம். ஈப்போவிலிருந்து தைப்பிங் தாண்டிப் போக வேண்டும்.

"பொண்ணு கேக்குற பேச்ச சேத்துல நின்னா பேசுவாங்க?" என்றேன்.

மீனா மிச்சத்தையும் சொன்னாள். அந்த அம்மா ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் என் கடையில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். சாப்பாடு பிரமாதம் என்று சொன்னாராம். ஆனால் சுவரில் இருக்கும் என் படங்களைப் பார்த்திருக்கிறார். மந்திரியோடு நான், நடிகரோடு நான், பெரிய மீனோடு நான்.

"எந்தப் பக்கம் திரும்புனாலும் அவரு மூஞ்சிதான் இருக்கு. இந்த மனுசன் என் மகனையும் ஃப்ரேம் போட்டுச் சொவத்துல மாட்டிருவாரு. அப்படின்னாங்கப்பா."

அலமேலு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே போய்ச் சிரித்தாள்.

மீனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ப்ளீஸ்பா. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் உங்களப் பத்திப் பேசாதீங்க. அதோட அங்க சத்தமே போடக்கூடாது. பேசுனா பறவைங்க உங்கள கேக்கும்."

"என்னைய என்ன கேக்கும்? கடன் கேக்குமா?"

இங்கே பிறந்த பிள்ளைகளின் தமிழ் இப்படித்தான். இங்கிலீஷில் யோசித்துத் தமிழில் இறக்குவார்கள். எப்போதும் இதற்குச் சிரிப்பவள் அன்று சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது, இவள் அந்தப் பையனை மனதார விரும்புகிறாள், நான் வாயைத் திறந்தால் கெட்டுப்போய்விடும் என்று பயப்படுகிறாள் என்பது.

"சரிம்மா. வாயே தெறக்க மாட்டேன்" என்றேன்.

வீட்டில் யாரும் நம்பவில்லை.

3

சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

நம் ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. உங்களுக்கு இது புதிதில்லை. கண்மாய்க் கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலத்தில்தான் தீபாவளி வரும். அதனால் ஊரே வெடியைத் தொடாது. கல்யாணத்துக்கும் இல்லை, சாமி புறப்பாட்டுக்கும் இல்லை. எனக்குத் தெரிய ஒருவரும் மீறியதில்லை. பக்கத்து ஊர்ப் பயல்கள் வெடிக்கும் சத்தம் தூரத்தில் கேட்கும். நான் மட்டும் புதுச் சட்டையோடு வாசலில் நின்று பல்லைக் கடிப்பேன். பறவைகள் மேல் அப்போது எனக்கு அப்படி ஒரு கோபம்.

புந்தோங்கில் முதல் தீபாவளி. தெருவில் சிவப்புச் சரவெடியைக் கூரை உயரத்துக்குத் தொங்கவிட்டுக் கொளுத்தினார்கள். நான் அப்படியே குந்தி உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். கடையில் கூட வேலை பார்த்த பையன்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். "என்னலா மச்சான், உங்க ஊர்ல தீவாளியே இல்லையா? காட்டுலேருந்தா வந்த?" என்றான் ஒருவன். கொக்குக்காக வெடி போட மாட்டோம் என்று நான் எப்படிச் சொல்வேன்? அன்றோடு அந்தப் பேச்சை விட்டேன். அலமேலுவுக்குக்கூட அரைகுறையாகத்தான் தெரியும். பிள்ளைகளிடம் சொன்னதே இல்லை.

அதற்குப் பதிலாக வட்டியும் முதலுமாக வெடித்தேன். கடை திறந்தபோது, இரண்டாவது கடை திறந்தபோது, சிவப்பு ஐசி போய் நீல ஐசி வந்தபோது. ஐசி என்பது இங்கே அடையாள அட்டை; சிவப்பு என்றால் நிரந்தரமாகத் தங்கலாம், ஆனால் குடிமகன் இல்லை. நீலம் வாங்க எத்தனை வருஷம் அலைந்தேன் என்று கணக்கில்லை. ஒரு கவுண்டரில் போனால் அடுத்த கவுண்டர், அங்கே போனால் ஒரு நகல் குறைகிறது, கொண்டுபோனால் நாளைக்கு வா. நீல அட்டை கையில் வந்த அன்று தெருவில் நடப்பவர்கள் கால் வைக்க இடமில்லாமல் வெடிக் காகிதம் சிவப்பாகக் கிடந்தது. மீனா கல்யாணத்துக்கு அதைவிடப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று அவள் பிறந்த அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டிருந்தேன்.

4

சம்பந்தம் பேசப் போகிறவன் எப்படிப் போவான்? வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மேலே கொஞ்சம் ஜவ்வாது. வெறுங்கையோடு போவானா? தாம்பாளத்தில் பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, பூ. சாப்பாடும் நம் கையால் போக வேண்டும். கடையில் சொல்லிப் பெரிய எவர்சில்வர் கேரியர் நிறையக் கட்டச் சொன்னேன். என்ன கட்டச் சொன்னேன் என்பது பிறகு வரும்.

அலமேலுவுக்கு முழங்கால் வலி, சேற்றில் நடக்க முடியாது. "பேசாம இருங்க, அது போதும்" என்று வாசலில் நின்று வழியனுப்பினாள். மீனா கார் ஓட்டினாள். இருட்டில் கிளம்பி, கோலகங்சார், தைப்பிங் தாண்டி, நெல் வயல்களுக்கு நடுவே போகும்போது பொழுது விடிந்தது. நான் உண்மையிலேயே பேசவில்லை. மீனா இரண்டு முறை திரும்பிப் பார்த்து, "உடம்புக்கு ஒண்ணுமில்லையேப்பா?" என்றாள்.

சரோஜா அம்மா ஒல்லியாக, குட்டை முடியோடு, காக்கிக் கால்சட்டை போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் சுகுமாறன். இன்னொருவர் லிம், ஓய்வுபெற்ற சீனக் கணக்கு வாத்தியார். தோளில் பீரங்கி மாதிரி டெலஸ்கோப். மூவரும் இலை நிறத்திலும் மண் நிறத்திலும் உடுத்தியிருந்தார்கள். நான் காரிலிருந்து இறங்கினேன். முழு வெள்ளை, கையில் தாம்பாளம், தங்கக் கடிகாரத்தில் வெயில் பட்டுத் தெறித்தது.

அந்த அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "அண்ணே, வாங்க. கோயிலுக்குப் போற வழியில எறங்கிட்டீங்களா?"

நான் சிரித்தேன். பேசவில்லை. மீனா மூச்சு விட்டாள்.

"இந்த வெள்ளையப் பாத்தா பெனாங்குக்குப் பறந்துரும்லா எல்லாம்" என்று தன் காரிலிருந்து ஒரு பச்சை மழைக்கோட்டை எடுத்து வந்தார். சின்னக் கோட்டு. என் வயிற்றுக்குப் பொத்தான் எட்டவில்லை. "சுகு அப்பாவோடது. பரவால்ல, பச்சையா இருந்தாப் போதும்" என்று அவரே காலரை இழுத்துவிட்டார். கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போடச் சொன்னார். போட்டேன்.

நுழைவிடத்தில் ஒரு மலாய்ப் பையன் நோட்டில் பெயர் எழுதச் சொன்னான். நான் உடனே பிளாஸ்டிக் உறையைத் திறந்தேன். நீல ஐசி, அதன் நகல், குடியுரிமைச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ். அரசாங்க மேசை எதன் முன்னால் நின்றாலும் என் கை தானாக அந்த உறைக்குப் போகும். பையன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். பெயர் மட்டும் போதும் பக்சிக் என்றான். பக்சிக் என்றால் பெரியவரே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பறவ பாக்க வாரவருக்குக் கல்யாணச் சர்ட்டிபிகேட் எதுக்கு அண்ணே?" என்றார் சரோஜா அம்மா. "ஜோடியா வராத பறவைக்குக் காட்டவா?"

லிம் வாத்தியாருக்கு அதை மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னார். அவர் டெலஸ்கோப் குலுங்கச் சிரித்தார். பேராக்கில் என்னை இப்படிக் கிண்டல் செய்தவர் கிடையாது. எனக்குப் பதில் நுனி நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

பலகைப் பாதையில் அலையாத்தி மரங்களுக்கு நடுவே நடந்தோம். சேற்றில் நண்டுகள் ஓடின. முதல் அரை மணி எனக்கு எல்லாம் கொக்காகவே தெரிந்தன. சரோஜா அம்மா பெரிய கொக்கு, சின்னக் கொக்கு, நடுக் கொக்கு என்று தரம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 'டிக்' என்று சொல்லி நோட்டில் குறித்தார். லிம் அவரோடு சண்டை போட்டார். பெண்ணைப் பற்றியோ பையனைப் பற்றியோ ஒரு பேச்சும் இல்லை.

அப்போதுதான் மேலே பார்த்தேன். கழுத்து வெள்ளை, உடம்பு செம்பு. கருடன். அதுவும் சம்பந்தம் பேச வந்த இடத்தில், வலமாகச் சுற்றுகிறது! என்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கைகூப்பினேன். நிமிர்ந்தால் இன்னொன்று. அதற்கும் போட்டேன். அப்புறம் இரண்டு. அப்புறம் ஆற்று வாய்ப் பக்கமிருந்து ஒரு கூட்டமே வந்தது. நம் ஊரில் வியாழக்கிழமை ஒன்றைப் பார்த்தால் ஊர் முழுக்கச் சொல்லித் திரிவோம். இங்கே காக்காய் மாதிரி சுற்றுகின்றன. ஒன்றுக்கு வணங்கி ஒன்றை விடலாமா? நானும் விடாமல் போட்டுக்கொண்டே இருந்தேன்.

"அண்ணே" என்று பின்னாலிருந்து மெல்லிய குரல். "இங்க நூறு கெடக்கும். கன்னம் வீங்கிப் போனா சாயங்காலம் நான்தான் மருந்து போடணும்."

திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். ஆனால் அடுத்து ஒன்று தலைக்கு மேல் தாழ்வாக வந்தபோது, பைனாகுலரை இறக்கிவிட்டு, யாருக்கும் தெரியாமல் அவரும் ஒரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

5

மதியம் ஒரு பலகைக் குடிலில் உட்கார்ந்தோம். எதிரே யாரோ கைவிட்ட இறால் குளம், முழங்கால் தண்ணீர். மூவரும் பொட்டலங்களைப் பிரித்தார்கள். ரொட்டி, வாழைப்பழம், சரோஜா அம்மா கொண்டுவந்த தேங்காய்ப்பால் சோறு, இங்கே நாசி லெமாக் என்பார்கள். இதுதான் என் நேரம் என்று நினைத்தேன். பேசத்தானே கூடாது, பரிமாறலாமே.

கேரியரின் பெரிய மூடியைத் திறந்தேன். வாசம் குடிலை நிறைத்தது. மிளகு, சீரகம், கறிவேப்பிலை. உள்ளே கால் மடக்கி, மார் நிமிர்த்தி, வரிசை வரிசையாகக் காடைகள்.

லிம் வாத்தியார் ரொட்டியைப் பாதி வாயில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சுகுமாறன் குளத்தைப் பார்த்தான். மீனா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, பறவைகளைக் கும்பிடாத குறையாகப் பார்க்க வந்தவர்களுக்கு நான் பறவையை வறுத்துக் கொண்டுவந்திருக்கிறேன் என்று. சத்தியமாகச் சொல்கிறேன், கட்டும்போதும் தோன்றவில்லை, வழியிலும் தோன்றவில்லை. எனக்குக் காடை என்றால் வறுவல். அது ஒரு பறவை என்பதே அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது.

சரோஜா அம்மா எட்டிப் பார்த்தார். பைனாகுலரை எடுத்தார். கேரியருக்குள் வைத்துப் பார்த்தார்.

"லிம், காட டிக். பத்து இருக்கு. எல்லாம் பெரிய பறவ" என்று தமிழிலும் மலாயிலும் சொன்னார்.

லிம் வெடித்துச் சிரித்தார். மீனா விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். அந்த அம்மா ஒன்றை எடுத்து ஒரு காலைப் பிய்த்து வாயில் போட்டார்.

"நல்லாருக்கு அண்ணே. பொய் சொல்ல மாட்டேன். தோட்டத்துல நாங்க சின்னப் புள்ளைங்களா இருந்தப்ப பால்மரத்துக்கு ஊடால கண்ணி வச்சுக் கானாங்கோழி புடிப்போம். காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டு முடிஞ்சு அப்பா பால் வெட்டக் காட்டுக்குப் போன ஒடனே எங்களுக்கு அதான் வேல. அத வறுத்தா ருசி வேற. இப்ப பாக்க வாரேன். அப்ப தின்ன வந்தேன்."

பிறகு எலும்பை வைத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார். "கமுந்திங்ல கடை தெறக்கப் போறீங்களாம்? சுகுவ அதுல உக்கார வக்கிறதுக்கு?"

மீனாவுக்கு முகம் வெளுத்தது. இதைத்தான் அவர் காலையிலிருந்து மனதில் வைத்துக்கொண்டிருந்தார்.

வாயைத் திறக்காமல் இதற்கு எப்படிப் பதில் சொல்வது? "போர்டே எழுதக் குடுத்துட்டேன்" என்றேன். உண்மை அதுதான். மருமகன் பெயரோடு. ஒரு மனிதனுக்கு நான் தரக்கூடிய பெரிய மரியாதை அது என்றுதான் நினைத்திருந்தேன்.

"மாமா" என்றான் சுகுமாறன், "எனக்குச் சுடுதண்ணி வக்கத்தான் தெரியும்."

"அவன் படிச்ச வேலைய அவன் பாப்பான்" என்றார் அந்த அம்மா. குரலில் சிரிப்பு இல்லை. "எங்க அப்பா அம்மா தொரைக்குக் கீழ இருந்தாங்க. நான் மேட்ரனுக்குக் கீழ இருந்தேன். என் மகன் மாமனாருக்குக் கீழ இருக்க மாட்டான்."

கேரியர் மூடி என் கையில் இருந்தது. அதில் என் முகம் தெரிந்தது. அந்தச் சங்கடத்தை உடைக்கத்தான் லிம் கேட்டிருப்பார், நல்ல மனிதர். இந்தியாவில் உங்கள் பக்கம் நாரை, கொக்கு எல்லாம் பிடித்துச் சாப்பிடுவீர்களா என்று மலாயில் கேட்டார்.

"இல்ல" என்றேன். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "வளத்த காடை வேற. கண்மாய்க்கு வந்த பறவைய எங்க ஊர்ல தொட மாட்டான். அது இருக்கேன்னு தீவாளிக்கு வெடியே போட மாட்டோம்."

"என்னது?" என்றார் சரோஜா அம்மா.

"வெடி போட மாட்டோம். கல்யாணத்துக்கும் போட மாட்டோம். குஞ்சு பயந்து கீழ விழுந்துரும்னு. எங்க அப்பா காலத்துலயும் இல்ல, அவுக அப்பா காலத்துலயும் இல்ல."

"எந்த ஊருப்பா?" என்றாள் மீனா.

"நம்ம ஊருதான்."

"நீங்க சொன்னதே இல்லையேப்பா."

"இதுல சொல்ல என்ன இருக்கு? சும்மா இருக்குறது ஒரு வேலையா?"

லிம்முக்கு மொழிபெயர்க்க வேண்டியதை அந்த அம்மா மறந்துவிட்டார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அப்போது இறக்கைச் சத்தம்.

குளத்தில் இறங்கின. ஒன்று, மூன்று, பிறகு ஒரு கூட்டம். சாம்பல் வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை, நீளக் கால். குடிலிலிருந்து கல் எறியும் தூரம்கூட இல்லை. ஒன்று மூக்கைத் திருப்பியது. மூடிய மூக்கின் நடுவில் பாக்குவெட்டியில் பாக்கு வைத்ததுபோல் ஒரு இடுக்கு.

நத்தகுத்தி! நம் கண்மாய் நத்தகுத்தி நாரை! கத்தியிருப்பேன். ஆனால் உடம்பு கத்தவிடவில்லை. நம் ஊரில் குஞ்சு இருக்கும் மாதத்தில் கண்மாய்க் கரையில் நடக்கும்போது உடம்பு தானாக ஒடுங்குமே, அந்த ஒடுக்கம் வந்துவிட்டது. எத்தனை வருஷம் இத்தனை சத்தம் போட்ட உடம்பு! எங்கே இருந்தது அது இவ்வளவு நாளாக?

கையில் மூடி. கீழே வைத்தால் 'டங்' என்று கேட்கும். அப்படியே பிடித்தால் வெயிலில் மின்னும். மெதுவாக மழைக்கோட்டுக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். காடைக் கொழுப்பு வெள்ளைச் சட்டையில் ஊறியது. அசையவில்லை. நாரைகள் சேற்றில் மூக்கை விட்டு நத்தையை எடுத்து நோண்டித் தின்றன. ஒன்று நடந்து நடந்து குடிலுக்குக் கிட்ட வந்து, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. ஐசி கேட்பதுபோல இருந்தது. காலில் ஈ உட்கார்ந்தது, முதுகில் வியர்வை ஓடியது, தோள் மரத்தது. சரோஜா அம்மா மட்டும் பறவையைப் பார்க்கவில்லை என்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. என்னைப் பார்த்தார், பறவையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

வயிறு நிறைந்ததும் அவை தாமாகவே எழுந்து நெல் வயல் பக்கம் போயின. மீனா வந்து மூடியை வாங்கினாள். என் விரல்கள் பிரியவில்லை. ஒவ்வொன்றாக அவள்தான் எடுத்துவிட்டாள்.

6

இந்த நாரைகள் முன்பெல்லாம் இங்கே வராதாம். கொஞ்ச வருஷமாகத்தான் சயாம் பக்கமிருந்து கூட்டமாக இறங்கி, வயல் நத்தைகளைத் தின்று நிம்மதியாக இருக்கின்றன என்றார் லிம். சிவப்பு ஐசிகூட இல்லாமல் இருக்கின்றனவே என்று நான் சொன்னேன். பேசக் கூடாது என்பது அதற்குள் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

சரோஜா அம்மா கேரியரைத் தானே அடுக்கி மூடினார். பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, நீங்க பேசாமலும் இருப்பீங்களா?"

"வெளிய தெரியாது" என்றேன்.

"கமுந்திங் போர்டு?"

"அழிச்சுட்டு வேற பேர் எழுதிக்கிறேன்."

"உங்க பேரா?"

"வேற யாரு பேரு?"

அவர் சிரித்துவிட்டார். மீனா சுகுமாறன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையை விட்டாள், பிறகு மறுபடி பிடித்துக்கொண்டாள்.

"ஆயர் தாவார்ல நான் பொறந்த தோட்டம் இருக்கு" என்றார் அந்த அம்மா. "பால்மரம்லாம் போயி எண்ணெய் எடுக்குற செம்பனை வந்துருச்சு. நாங்க வரிசையா குடியிருந்த லயன் வீடுங்கள இடிச்சிட்டாங்க. மாரியம்மன் கோயில் மட்டும் நிக்கிது. பின்னால ஒரு குட்டை. அதச் சுத்தி மரம் பூரா கொக்கு கூடு. என் கல்யாணம் அங்கதான் நடந்திச்சு. சுகுவுக்கும் அங்கதான் நடக்கணும். ஹோட்டல் ஹாலெல்லாம் வேணாம்." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க ஐசி வாங்குன அன்னிக்கு புந்தோங் தெருவே செவந்து கெடந்துச்சாமே. எங்க ஆஸ்பத்திரி வரைக்கும் பேசுனாங்க. அங்க ஒரு வெடி கூடாது. மைக் செட்டு கூடாது. முடியுமா, சம்பந்தி?"

காலையிலிருந்து அண்ணே அண்ணே என்று கூப்பிட்டவர். மீனாவுக்கும் அது காதில் விழுந்தது. அவள் அழுதாள், இந்தத் தடவை சிரித்துக்கொண்டே.

மீனா பிறந்த அன்று போட்ட முடிச்சு எனக்குள் ஒரு முறை புரண்டது. இல்லை என்று சொன்னால் பொய். தெரு நிறையச் சிவப்புக் காகிதம் கண்ணுக்குள் வந்து போனது.

"வெடி போடாம விசேஷம் செய்ய எங்க ஊர்க்காரனுக்கா சொல்லித்தரணும்?" என்றேன்.

தாம்பாளத்தைக் காரிலிருந்து எடுத்து வந்து, பலகைக் குடிலிலேயே மாற்றிக்கொண்டோம். லிம் சாட்சி. வெற்றிலையை எப்படிப் பிடிப்பது என்று அவருக்கும் சொல்லிக் கொடுத்தோம். கிளம்பும்போது சரோஜா அம்மா மிச்சக் காடையைத் தாப்பாவ் கட்டச் சொன்னார். "சாயங்காலத்துக்குச் சூடு பண்ணித் தின்னுக்குவேன்" என்று தன் பையில் பொட்டலத்தை வைத்து, அதன் மேல் பைனாகுலரையும் வைத்துக்கொண்டார்.

தை மாதம் கல்யாணம். அழைப்பிதழ் தனியாக வரும். இந்தத் தீபாவளிக்கு நீங்கள் கண்மாய்க் கரையில் எப்போதும்போல் சும்மா இருப்பீர்கள். இந்த வருஷத்திலிருந்து நானும் இங்கே அதை வெளியே சொல்லிக்கொண்டு சும்மா இருப்பேன். புந்தோங்கில் என்னைப் பார்த்துச் சிரித்தவன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான். கல்யாணத்தில் அவனுக்கு முதல் வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். நாதஸ்வரக்காரரைக் கூப்பிட்டு மெதுவாக வாசித்துக் காட்டச் சொன்னேன். இன்னும் மெதுவாக என்றேன். இதற்குமேல் என்றால் ஊதாமல்தான் இருக்க வேண்டும் என்றார். பாத்திரம் உருளாமல் பந்தி நடத்தக் கடைப் பையன்களுக்கு இப்போதே பயிற்சி நடக்கிறது. பேராக் மாநிலத்தில் இதுவரை இவ்வளவு சத்தமில்லாத கல்யாணத்தை எவனும் செய்ததில்லை என்று எல்லோரும் பேச வேண்டும். பேசுவார்கள், பாருங்கள்.